ஒழுங்கை விட்டு வேலி அடைப்போம்

நெடுங்கேணிச் சந்தியில் நிற்பவருக்கு வழிகள் பல. ஒரு வீதி புளியங்குளத்தில் ஏ-9 வீதியோடு சேர்கிறது. இன்னொன்று ஒட்டுசுட்டானுக்கும் அப்பால் முல்லைத்தீவுக்கும் போகிறது. ஒன்று வெள்ளத்தில் மூழ்கினாலும் மற்றது கைகொடுக்கும்.

ஒரே வழியை நம்பியிருப்பதன் துன்பம் எமக்குப் புதிதல்ல. 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழியே இல்லாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே பூநகரி ஊடாக இன்னொரு தரைவழி கிடைத்தது.

நாட்டுக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும். 1990களில் இடம்பெயர்ந்து சென்ற எம்மவர்களால் வவுனியா நகரம் நாலா பக்கமும் விரிந்தது. பூந்தோட்டம், சிதம்பரபுரம் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த நாட்களை நம்மில் பலர் மறக்கவில்லை. வீடுகள் முதலில் வந்து, வழி பிறகு தேடப்படும் இடங்களில் ஒழுங்கைகள் வளைந்து சென்று யாரோ ஒருவரின் வேலியில் முடிந்துவிடுகின்றன.

ஆபிரிக்காவின் நைரோபி நகரிலும் இதே கதைதான். அங்குள்ள கிபேரா குடியிருப்பில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியில்லை. அந்நகரிலேயே தலைமையகத்தைக் கொண்ட ஐ.நா. குடியிருப்பு நிறுவனம், நகர நிலத்தில் நூற்றுக்கு 30 பங்கையாவது வீதிகளுக்கு ஒதுக்குமாறு கேட்கிறது.

எமது கிராமங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் காணியைப் பிரிக்கும்போது பின்காணிக்கு வழி விடுகிறோமா? பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவர வேண்டிய நிலை வேண்டாம்.

கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 16 பரப்பு. அதன் ஒரு பக்கத்தில், 210 அடி நீளத்துக்கு 10 அடி அகலம் விட்டால் குறைவது ஏறத்தாழ முக்காற் பரப்பு மட்டுமே. பக்கத்துக் காணிக்காரரும் 10 அடி விட்டால் 20 அடி ஒழுங்கை கிடைக்கும். உழவு இயந்திரமும் அம்புலன்சும் தாராளமாக வந்துபோகும்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒழுங்கையின் இரு முனைகளும் வெவ்வேறு வீதிகளில் ஏறட்டும். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் நில அளவைப் படத்தில் அதைப் பொதுவழியாகக் குறிப்பியுங்கள். பிரதேச சபைக்கும் அறிவியுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

கதியால் வேரோடிய பின் வேலியை நகர்த்துவது கடினம். நடுமுன் அயலவரோடு கூடிப் பேசுவோம்.