இருப்பில் உள்ள அரிசிக்கு அடக்கம் எவ்வளவு?

தை அறுப்பில் வந்த மாப்பிள்ளைச் சம்பாவை மொத்தமாக விற்காமல், குதிரில் வைத்து அப்பப்ப அரைத்து விற்கும் உழவர்கள் இன்று நிறையப் பேர். நல்ல விஷயம். ஆனால் ‘கிலோவுக்கு அடக்கம் எவ்வளவு?’ என்று கேட்டால் பலரும் கடை விலையைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்க வயல் கணக்கை நீங்க போட்டுக்கொள்ளுங்கள். உழவு முதல் அறுப்பு வரை 45,000 ரூபாய் செலவு, 1,500 கிலோ நெல். இதில் வீட்டு ஆட்களின் கூலியும் சேர்த்தி. சொந்த விதை, சாணம், ஜீவாமிர்தம் எதுவும் சும்மா வந்தது இல்லீங்க, அதற்கும் ஒரு தொகை போடணும். நெல் கிலோ 30 ரூபாய் ஆகிறது. நூறு கிலோ நெல்லுக்கு அறுபது கிலோ அரிசி, அப்ப அரிசி 50 ரூபாய் என்று இங்கேயே நிறுத்திக்கொண்டால் கையைக் கடிக்கும்.

காய்ந்து எடை குறைந்து 1,450 கிலோதான் அரவைக்குப் போகிறது. அதில் தேறுவது 870 கிலோ அரிசி. அரவைக் கூலி, வண்டி வாடகை, சாக்கு 4,500 ரூபாய். தவிடும் குருணையும் விற்று வந்த 1,650 ரூபாயைக் கழித்தால் மொத்தம் 47,850. அரிசி அடக்கம் கிலோ 55 ரூபாய்.

மார்ச் 31 அன்று 370 கிலோ மிச்சம் என்றால், இருப்பின் மதிப்பு 20,350 ரூபாய். விற்பனை விலை 80 ஆயிற்றே என்று 29,600 எழுதினால், விற்காத அரிசிக்கு 9,250 ரூபாய் லாபம் காட்டியதாகிவிடும். வண்டு விழுந்து, 45 ரூபாய்க்குத்தான் போகும் என்ற நிலை வந்தால் 45 என்றே எழுதணும். அடக்கம், கைக்கு வரக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு.

அடுத்த அரவையில் 60 ரூபாய் அடக்கத்தில் 630 கிலோ வந்து சேர்ந்தால்? பழையது முதலில் போனதாக எழுதலாம், முதல் 370 கிலோவுக்கு 55, பிறகு 60. இல்லை, இரண்டையும் கலந்து 1,000 கிலோவுக்கும் 58 ரூபாய் 15 காசு என்று சராசரி போடலாம். சாக்கைத் தனித்தனியாக அடுக்கி வைக்க இடம் இல்லாதவர்களுக்குச் சராசரியே லேசு. உறுப்பினர்களிடம் வாங்கி விற்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து, வருடா வருடம் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் வந்தது முதலில் போனது என்று எழுதும் முறையை நம் நாட்டுக் கணக்குத் தரம் ஏற்பதில்லை.