சிலிப்பர் ஓர்க்கிட்: வாங்குமுன் கடதாசியைப் பாருங்கள்

செருப்பு வடிவப் பூக்கொண்ட சிலிப்பர் ஓர்க்கிட் ஏன் மலிவதில்லை என்று வியாபாரிகள் கேட்பார்கள். இழைய வளர்ப்பில் இதைப் பெருக்குவது கடினம், பெரும்பாலும் விதைதான். பூக்கப் பல வருடங்கள் செல்லும். அதனால்தான் சிலருக்குக் காட்டுச் செடியில் கண்.

2002இல் பெருவிலிருந்து ஒரு பெரிய ஊதாப் பூச்செடியை அனுமதிப்பத்திரமின்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார் கொவாக் என்பவர். பூவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது; பிரக்மிபீடியம் கொவாக்கியை. கூடவே 2004இல் ஆயிரம் டொலர் அபராதமும் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. பெயர் வைத்த தாவரவியல் பூங்காவும் தப்பவில்லை.

வீட்டில் வளர்ப்போருக்கு நான் சொல்வது கலப்பினம்தான். 1900இல் பதிவான மோடியே வகைக்குப் புள்ளியிலை, வெப்பம் தாங்கும், பூ ஆறேழு வாரம் நிற்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் கலப்பினத்துக்கும் சைட்டிஸ் பத்திரம் வேண்டும். பண்ணையில் வளர்த்ததென்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.