நர்சிடம் மறைக்காதீங்க, கசாயத்தை!

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவோர் கவனத்துக்கு...

கட்டில் பக்கத்தில் ஆஸ்பத்திரி மாத்திரை. தலையணைக்கு அடியில் கசாயப் பாட்டில்!

பெரம்பலூர், அரியலூர் என்று இல்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் வார்டிலும் பார்க்கக் கூடிய காட்சிதான் இது. டாக்டர் வரும்போது பாட்டில் மறைந்துவிடும். அவர் அடுத்த வார்டுக்குப் போனதும் வெளியே வரும்.

"டாக்டர் திட்டுவாரு" என்ற பயம்தான் காரணம்.

கசாயம் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டி காலத்து மருந்தில் பலன் உள்ளவை எத்தனையோ உண்டு. ஆனால் சொல்லாமல் குடிப்பது சில நேரம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

"சும்மா இலைச்சாறு!"

வார்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, வீட்டுல வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்."

"சூரணம், லேகியம், கசாயம் ஏதாச்சும்?"

"அது மருந்து இல்லீங்களே... சும்மா இலைச்சாறு!"

இங்கேதான் சிக்கல். இலைச்சாறும் மருந்துதான். வேலை செய்வதால்தானே குடிக்கிறோம்? வேலை செய்யும் எதுவும், மற்ற மருந்தோடு சேர்ந்தால் கூடுதலாகவும் வேலை செய்யும். கோளாறாகவும் வேலை செய்யும்.

நடு ராத்திரி ஆபத்து

சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளுங்கள். இலையை மென்றால் நாக்கில் இனிப்பே தெரியாது. அதனால்தான் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். ரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் இது குறைக்கக் கூடியது.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி. வீட்டில் இருந்து சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். பேச்சு குழறும். "அசந்து தூங்குறாரு" என்று துணைக்கு வந்தவர் நினைத்தால், விடிவதற்குள் நினைவே தப்பிவிடலாம்.

முன்கூட்டியே சொல்லியிருந்தால்? நர்சு ராத்திரியில் எழுப்பி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார். டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்!

அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் நாள்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். உடலில் பொட்டாசியம் சத்தைக் குறைக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது எதிர்வேலை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவோர் பூண்டு மாத்திரையையும் சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இதை 2 வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சீந்தில் சர்ச்சை

கொரோனா காலத்தில், 2020-ல், கபசுரக் குடிநீர் குடிக்காத வீடு குறைவு. அதில் சேரும் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. சிலர் சீந்திலைத் தனியாகவும் மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள்.

அப்படிச் சாப்பிட்டு ஈரல் பாதித்த 43 பேரைப் பற்றி, நாட்டின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த டாக்டர்கள் 2022-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப்போலவே இருக்கும் வேறு கொடி கலந்திருக்கலாம் என்று வாதாடியது.

யார் சொல்வது சரி என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து வரும் நோயாளி, தான் குடித்ததைச் சொன்னால்தானே டாக்டருக்குக் காரணம் தெரியும்?

நர்சே கொடுக்கும் கைவைத்தியம்

மருந்து இல்லாத வைத்தியம் நர்சுகளுக்குப் புதிது அல்ல. நர்சு தொழிலுக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய நூலிலேயே நல்ல காற்று, வெளிச்சம், அமைதி, இசை ஆகியவை நோயாளிக்கு உதவும் விதத்தைச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்குக் குமட்டும். மணிக்கட்டு ரேகைக்குக் கீழே, உள்பக்கம், மூன்று விரல் தள்ளி ஓர் இடம் உண்டு. அங்கே அழுத்தம் கொடுப்பது, ஊசி குத்துவது போன்ற முறைகளால் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன என்று 59 ஆய்வுகளை அலசிப் பார்த்த அறிக்கை ஒன்று 2015-ல் வந்தது. அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் 7,667 பேர்!

ஆழம் இல்லாத தீப்புண்ணுக்குத் தேன் கட்டு நல்லது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகக் கடைத்தேனை ஊற்றிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் போடுவது கிருமி நீக்கிய தேன். வீட்டில் சுட்டுக்கொண்டால் இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி.

இதில் மட்டும் பொறுக்காது

மக்காச்சோளம், பருத்தி, முந்திரிக்காடு என்று ராப்பகலாகப் பாடுபடும் ஊர்கள் இவை. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் எங்கே போனாலும் பாம்புக்கடி பயம் உண்டு.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் முறிவு, விஷமுறிவு ஊசி ஒன்றுதான். பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் அலையும் நேரத்தில் விஷம் ஏறிவிடும். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் தமிழக அரசு 2024 நவம்பரில் சேர்த்தது.

டெங்குவும் அப்படித்தான். 2012-ல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. குடிக்கலாம். ஆனால் அது ரத்தப் பரிசோதனைக்கு மாற்று அல்ல.

சுவரொட்டியை நம்பாதீங்க

சித்த மருந்து வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே படித்த சித்த மருத்துவர் இருப்பார். ஒரே காம்பவுண்டில் இரண்டு டாக்டரையும் பார்க்கலாம்.

"சர்க்கரை நோய் அடியோடு ஒழியும்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நர்சிடம் சொல்ல வேண்டியவை நான்குதான். என்ன மருந்து? யார் கொடுத்தது? எத்தனை நாளாக? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையே, பொட்டலத்தையே காட்டுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

திட்டு விழுந்தால் விழட்டும். திட்டு வாங்கினால் உயிர் போகாது!