அம்மான் பச்சரிசியும் அதன் பங்காளிகளும்

ஸ்ரீரங்கத்து வீதிகளில் மதிலோரம் கல்லும் மண்ணும் சேரும் இடத்தைப் பாருங்கள். காவிரிப் படித்துறையின் இடுக்குகளிலும், திருச்சியில் சிமென்ட் தரை விரிசல் விட்ட இடங்களிலும் அதே செடி இருக்கும். சிவந்த தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், கணுக்களில் பச்சை உருண்டைகள். கிள்ளினால் பால் வடியும். "அம்மான் பச்சரிசி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பால் வடிவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே விரிசலில் அதன் பங்காளிகளும் முளைக்கலாம், அவற்றைக் கிள்ளினாலும் பால்தான் வரும்.

இவை எல்லாம் யூஃபோர்பியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் ஏறத்தாழ 2,000 சிற்றினங்கள் கொண்ட பெரிய குலம் இது. நம் ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் இதே பேரினம். அதிலும் அதற்குத் தனி மரியாதை உண்டு. லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட சதுரக்கள்ளிதான் இந்தப் பேரினம் முழுமைக்கும் மாதிரி இனம். யூஃபோர்பியா என்றால் எது என்ற கேள்வி எழுந்தால் தாவரவியலாளர்கள் அந்தக் கள்ளியைத்தான் காட்டுவார்கள்.

முள்ளோடு ஆளுயரம் வளரும் கள்ளியையும் தரையோடு கிடக்கும் பூண்டையும் ஒரே குலத்தில் சேர்ப்பது எது? பூ. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு சிறு கிண்ணத்துக்குள் அடங்கிய பூங்கொத்து. நடுவில் ஒரே ஒரு பெண் பூ. அதில் இதழ் கிடையாது, சூலகம் மட்டுமே. சுற்றிலும் ஆண் பூக்கள், ஒவ்வொன்றும் ஒற்றை மகரந்தத்தாள். கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரப்பிகள். இந்த அமைப்புக்குச் சயாத்தியம் என்று பெயர். லின்னேயஸே இதை ஒற்றைப் பூவாக எண்ணித்தான் வகைப்படுத்தினார். அம்மான் பச்சரிசியில் ஒரு சயாத்தியம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கணுவில் தெரியும் உருண்டை, அத்தகைய பல கிண்ணங்கள் நெருங்கிய கொத்து.

அம்மான் பச்சரிசி சேர்ந்த கிளைக்கு வேறு சில விசித்திரங்களும் உண்டு. விதையிலைகளுக்குச் சற்று மேலேயே நடுத்தண்டின் வளர்ச்சி நின்றுவிடும். நாம் காணும் செடி முழுவதும் பக்கக் கிளைகளே. இலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். இக்கிளையின் பெரும்பாலான இனங்கள் கரும்பையும் சோளத்தையும் போல சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. வெயிலில் கொதிக்கும் தரையிலும் அவை தழைக்க அது உதவுகிறது. இந்த வேறுபாடுகளைக் கண்டு இக்கிளையைக் கமேசைசி என்ற தனிப் பேரினமாகப் பிரித்தவர்களும் உண்டு. டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபின் இது யூஃபோர்பியாவுக்கு உள்ளேயே கிளைத்தது என்று தெரிந்து, மீண்டும் தாய்வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

சரி, பங்காளிகளை எப்படிப் பிரித்தறிவது? அளவையும் நிறத்தையும் நம்பக் கூடாது. மிதிபடும் இடத்தில் அம்மான் பச்சரிசியும் தரையோடு படியும். நிழலில் சிவப்பு குறையும். காலடியும் வெயிலும் அவ்வளவாக மாற்றாத உறுப்பு காய். மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. அதன் மேல் மயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அம்மான் பச்சரிசியின் (யூஃபோர்பியா ஹிர்ட்டா) காய் முழுவதும் குறுமயிர் படர்ந்திருக்கும். தண்டில் மஞ்சள் நிற நீண்ட மயிர்கள் நிற்கும். சயாத்தியங்கள் கெட்டியான உருண்டையாகத் திரண்டிருக்கும்.

சிற்றம்மான் பச்சரிசிக்கும் (யூஃபோர்பியா தைமிஃபோலியா) காய் முழுவதும் மயிர் உண்டு. ஆனால் காயின் காம்பு குட்டையானது. அதனால் காய் கிண்ணத்தை விட்டு முழுமையாக வெளியே வராமல், முதிரும்போது அதன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும். இலைகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது.

யூஃபோர்பியா புரோஸ்ட்ராட்டாவின் காயில் மூன்று விளிம்புகளில் மட்டுமே மயிர் வரிசை, இடைப்பகுதி மொட்டை. விதையில் குறுக்கு வரப்புகள் கூர்மையாகத் தெரியும்.

யூஃபோர்பியா செர்பென்ஸின் காயில் மயிரே இல்லை, விதையும் வழவழப்பு. கணுக்களில் வேர்விடும். இலையடிச் செதில்கள் ஒன்றிணைந்து வெண்மையான முக்கோணச் சவ்வாக இருக்கும்.

நிமிர்ந்து வளரும் யூஃபோர்பியா ஹைபெரிசிஃபோலியாவின் காயும் மயிரற்றது. அதை ஒத்த யூஃபோர்பியா இண்டிகாவின் காயில் மட்டும் படிந்த மயிர் இருக்கும்.

இப்படிப்பட்ட நுட்பங்களைச் சரிபார்க்கத் திருச்சிக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பட்ட ராபினட் உலர்தாவரகம் இருக்கிறது. அங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சு ஏசு சபைத் துறவி ராபினட்டின் பெயர் தாங்கியது அது. அதை நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார். உலர்த்தி, ஒட்டி, இடமும் நாளும் எழுதி வைத்த செடியை யாரும் மறுபடி எடுத்துப் பார்த்துப் பெயரைச் சோதிக்கலாம். வகைப்பாட்டியலின் நாணயம் அதில்தான் இருக்கிறது.

கீரைக்காகவோ நாட்டு மருந்துக்காகவோ அம்மான் பச்சரிசியைப் பறிப்பவர்களுக்கும் இப்படிக் காயைப் பார்த்துப் பிரித்தறிவது உதவும். அம்மான் பச்சரிசிக்குச் சொல்லப்பட்ட குணம் பக்கத்தில் கிடக்கும் பங்காளிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ் போதும். பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக, காயோடு ஒரு கிளையைப் பறித்துப் பாருங்கள். காய் இல்லாத செடிக்கு அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள். அது காய்க்கும் வரை பொறுங்கள்.