தனியா சுஷி சாப்பிடப் போறீங்களா? பில்லில் இந்த ஒரு வரியைப் பாருங்க!

பாகூர், வில்லியனூர் பக்கத்துலேர்ந்து பாண்டிக்கு பஸ் ஏறி, ஒருநாள் தனியா சுஷி சாப்பிட ஆசையா? தாராளமா போங்க. போன மாசம் நானும் போனேன்.

நான் கேட்டது 'இக்குரா'. சால்மன் மீனோட சினை. உப்பில் ஊறவைத்து, கடற்பாசி சுத்தின சோற்றின் மேல் ஆரஞ்சு முத்து மாதிரி வரும். நம்ம வீட்டு மீன் குழம்பில் சினைத் துண்டுக்குச் சண்டையே நடக்கும். இங்கே அது வேகவைக்காமலே வருது. முதலில் தயங்கினேன். வாயில் போட்டதும் பட்டுப் பட்டுன்னு உடைஞ்சு ஒரு உப்பு ருசி. பிடிச்சிருந்தது.

பிடிக்காதது பில்தான்:

சாப்பாடு: ₹1,200
சேவைக் கட்டணம் 10%: ₹120
இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 5%: ₹66
மொத்தம்: ₹1,386

ஜிஎஸ்டி வரி, கட்டியே ஆகணும். சேவைக் கட்டணம் வரி இல்லை, கட்டாயமும் இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிடுச்சு. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தனியா உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்கக் கூச்சமா இருக்கும். ஆடிட்டரான எனக்கே இருந்தது! "தம்பி, சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க"ன்னேன். புது பில் ₹1,260. மிச்சம் ₹126. அதில் 50 ரூபாயை பரிமாறின தம்பி கையிலேயே கொடுத்தேன். அது என் விருப்பம்.

எடுக்க மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்க கடைசி ஹோட்டல் பில்லில் அந்த வரி இருந்ததா? இப்பவே எடுத்துப் பாருங்க.