பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்

'மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். ஐந்து நாள் தங்கல். மலையேற்றம், படகு, சைக்கிள், சின்னவனுக்குக் குதிரைச் சவாரி என்று எல்லாம் பேசி வைத்தாயிற்று. ஆனால் செல்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் ஐந்து நாளுக்கும் இடி மின்னல் படம்தான் வருகிறது. பயணத்தை ரத்து செய்துவிடலாமா?' என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டிக்கு இ-பாஸ்கூட எடுத்துவிட்டாராம்.

ரத்து செய்ய வேண்டாம். நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். அந்தப் படம் பொய் சொல்லவில்லை. எந்த நாளில் இடி இடிக்கலாம் என்பதைச் சொல்கிறது, எந்த வேளையில் என்பதை மறைத்துவிடுகிறது. கோடையில் மலையைப் பொறுத்தவரை நாளைவிட வேளைதான் முக்கியம். காலை ஆறு மணிக்கு நீலமாக இருக்கும் வானம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கறுத்துக் கொட்டித் தீர்க்கும். ஆறு மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். மறுநாளும் அதே கதைதான். இந்த ஒழுங்குக்குக் காரணம் மலையேதான் என்பது வானிலை இயலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பழனி மலையின் தெற்குச் சரிவில் ஒரு புல்வெளி. மற்றது, அதே உயரத்தில் பெரியகுளம் ஊருக்கு நேர் மேலே வெறும் காற்றுவெளி. காலை எட்டரை மணிக்குப் புல்வெளியில் வெயில் விழுகிறது. புல் சூடாகிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் சூடாகிறது. பெரியகுளத்துக்கு மேலே அந்தரத்தில் இருக்கும் காற்றுக்குத் தொட்டுச் சூடாக எதுவுமில்லை. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு காற்றுகளுக்கு இடையே இரண்டு மூன்று பாகை வித்தியாசம் வந்துவிடுகிறது. அவ்வளவு போதும். சரிவை ஒட்டிய காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. ஏறும் வழியெல்லாம் சூடான மண்ணைத் தொட்டுக்கொண்டே போவதால் சரிவை விட்டு விலகாமல் முகடு நோக்கி ஊர்கிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து புதுக் காற்று வருகிறது. வேகம் பெரிதல்ல, வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கலாம். ஆனால் மலையின் நாலாபுறமும் இதே வேலை நடக்கிறது. எல்லாச் சரிவுக் காற்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: முகடு. அங்கே வந்து முட்டிக்கொண்ட பிறகு மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கிழக்கு பார்த்த சரிவுகள் இதில் முந்திக்கொள்ளும். காலை எட்டு மணி வெயில் சமவெளியில் சாய்ந்துதான் விழும். கிழக்குச் சரிவிலோ கிட்டத்தட்ட நேராக விழும். மதுரை தன் நண்பகல் வெயிலைக் காண்பதற்கு வெகு முன்பே மலையின் ஒரு பக்கம் நண்பகலைப் பார்த்துவிடுகிறது. சமவெளியில் மாலையில் எழும் இடி, மலையில் மதியமே எழுவதற்கு இது ஒரு காரணம்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடப்பதில்லை. மேலே ஆடை படிந்து அமைதியாக இருக்கும். மலையிலும் காலையில் அப்படி ஓர் ஆடை உண்டு. இரவில் பள்ளத்தில் தேங்கிய குளிர்காற்றுக்கு மேலே அதைவிடச் சூடான ஓர் அடுக்கு மூடியிருக்கும், கீழே இருப்பது எதையும் மேலே விடாது. பாலில் குமிழ்கள் முதலில் பாத்திரத்தின் ஓரத்தை ஒட்டித்தான் எழும்பும், நடுவில் அல்ல. காற்றும் பள்ளத்தாக்கின் நடுவை விட்டுவிட்டுச் சரிவை ஒட்டித்தான் ஏறும். பால் குறைவாகவும் தீ அதிகமாகவும் இருந்தால் சீக்கிரம் பொங்கும். பள்ளத்தாக்கிலும் அதேதான், இருபுறமும் மலை இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அதே அளவு வெயிலுக்குச் சமவெளியைவிடக் குறைந்த அளவு காற்றே சூடாக வேண்டியிருக்கிறது. பதினோரு மணி வாக்கில் ஆடை கிழியும். அதன் பிறகு நடப்பது ஒரு நொடிக் காரியம், நாம் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் பால் வழிந்து அடுப்பை அணைத்துவிடும். இடிமழையும் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்கிறது. மேகத்தின் நிழல் வெயிலை மறைக்கிறது. மழை சரிவை நனைத்துக் குளிர்விக்கிறது. மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று, பொங்கும் பாலில் தெளித்த தண்ணீராக வேலை செய்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இன்னும் ஒன்று: பால் பொங்கும் என்பதை எவரும் சொல்லிவிடலாம், எத்தனையாவது நிமிடம், பாத்திரத்தின் எந்த ஓரத்தில் என்று சொல்ல முடியாது. 'இன்று 2.40-க்கு உங்கள் இடத்தில் மழை' என்று காலையிலேயே சொல்லும் செயலிகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பொங்குவதற்கு வேண்டிய பலம் எங்கிருந்து வருகிறது? நீராவியிடமிருந்து. சரிவில் ஏறும் காற்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை குளிர்ந்துகொண்டே போகும். ஓர் உயரத்தில் அதற்குமேல் நீராவியைத் தாங்க முடியாமல் துளிகளாக விட்டுவிடும். மேகத்தின் தட்டையான அடிப்பாகம் அந்த உயரம்தான். அதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. அடிவாரத்தின் வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை, அதாவது அங்குள்ள காற்று குளிர்ந்தால் துளி விடத் தொடங்கும் வெப்பநிலையை, கழியுங்கள். வருவதை 125-ஆல் பெருக்குங்கள். வத்தலகுண்டில் 38 பாகை, பனிப்புள்ளி 22 என்றால் வித்தியாசம் 16. மேக அடி தரையிலிருந்து 2,000 மீட்டர். வத்தலகுண்டு இருக்கும் உயரத்தையும் சேர்த்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர். கொடைக்கானலின் வானாய்வகம் நிற்பது 2,343 மீட்டரில்! மே மாத மதியம் கொடைக்கானலில் மூடுபனி சூழ்கிறது என்கிறோமே, அது இறங்கி வந்த பனியல்ல. அடிவாரத்தின் வியர்வைக் காற்று ஏறி வந்து, நாம் நிற்கும் உயரத்தில் மேகமாகிறது. கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் இது கண்முன் நடக்கும். முதலில் கீழே காட்டின் மீது ஒரு சிறு வெள்ளைத் துண்டு. அது சரிவைத் தொட்டுக்கொண்டே மேலேறும். ஏற ஏறப் பெரிதாகும். ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் மங்கும்.

துளியாகும் நீராவி, ஆவியானபோது வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிலோ காற்றில் ஒரே ஒரு கிராம் நீராவி துளியானால் அந்தக் காற்று இரண்டரை பாகை சூடாகிவிடும். சரிவின் வெயில் கொடுத்த வித்தியாசமே இரண்டு மூன்று பாகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மேகமாகத் தொடங்கிய காற்றுக்கு அதன் பிறகு சரிவின் தயவு தேவையில்லை. தன் சூட்டில் தானே எழும்பி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை போய்விடும்.

வரலாற்றை ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கிறேன். சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சங்களுக்குப் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் பருவமழையை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. அதன் விளைவாக 1899-ல் கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் எழுந்தது. சூரியப் புள்ளிகளை வைத்து மழையைச் சொல்லும் வித்தை கைகூடவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். நமக்கு வேண்டிய செய்தி வேறு. சரிவு சூடாகிக் காற்று அலையத் தொடங்கினால் தொலைநோக்கியில் சூரியனின் பிம்பம் நடுங்கும். எனவே சூரியனைப் பார்ப்பவர்களுக்கும் காலை வேளைதான் பொன்னான வேளை. சரிவுக் காற்றுக்குக் கணித வடிவம் கொடுத்தவர்களில் ஆல்ப்ஸ் மலைக்காரர்களும் உண்டு. ஃபிரீட்ரிக் டெஃபான்ட் 1949-ல் எழுதியதை இன்றும் பாடமாக வைக்கிறார்கள்.

செயலிக்கு வருவோம். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் முதன்மை மாதிரிக்குக் கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். கொடைக்கானலின் தெற்கு விளிம்பிலிருந்து அடிவாரம்வரையுள்ள செங்குத்துச் சரிவு இப்படிப்பட்ட ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். விளிம்பும் பாறையும் பள்ளமும் சராசரியாகி, மாதிரியின் மலை மழமழப்பான மேடாகிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி வானிலையில் புதிரே இல்லை என்ற முழக்கம் இப்போது பலமாகக் கேட்கிறது. புயலின் பாதையைச் சொல்வதில் அந்த மாதிரிகள் உண்மையிலேயே கெட்டிதான். ஆனால் அவற்றில் புகழ்பெற்றவை கற்றுக்கொண்ட தரவின் கட்டம் சுமார் 28 கிலோமீட்டர் அகலம். கொடைக்கானல் நகரமும் வத்தலகுண்டுச் சாலையின் பாதியும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கற்றுக்கொண்ட பாடத்திலேயே இல்லாத சரிவைப் பற்றி அவை என்ன சொல்ல முடியும்? வானிலை ஆய்வு மையம் சொல்லும் 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்ற வாசகத்தை நான் அவற்றைவிட மதிக்கிறேன். அதற்கு அளவு உண்டு. மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் என்று பொருள். 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. எந்த இடம் என்று தெரியாததைத் தெரியாதது போலவே சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது.

ஆகவே திருப்பூர் நண்பர் செய்ய வேண்டியது இதுதான். மலையேற்றத்தை வெளிச்சம் வந்ததும் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்குள் முகட்டையும் திறந்த புல்வெளியையும் விட்டு இறங்கிவிட வேண்டும். படகும் சைக்கிளும் காலையில். சாப்பாடு, தூக்கம், வானாய்வகத்தின் அருங்காட்சியகம், கடைத்தெரு எல்லாம் மதியத்துக்கு. மழை விட்ட பின் ஐந்து மணிக்கு ஏரியைச் சுற்றி நடக்கலாம், அப்போதுதான் தூரத்து மலைகள்கூடத் துலக்கமாகத் தெரியும். காலை பத்து மணிக்குத் திரள் மேகங்களைக் கவனியுங்கள். அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொழுது இருக்கிறது. பதினோரு மணிக்குள்ளேயே அகலத்தைவிட உயரம் கூடிவிட்டால் திரும்பி நடங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. மரத்தடி வேண்டாம், தகரக் கூரை நிழற்குடையும் வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வரலாம். செயலி வேண்டுமென்றால் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி'யை வைத்துக்கொள்ளுங்கள். அது ஆரூடம் சொல்வதில்லை, அருகே விழும் மின்னலைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது.

அருவிக்குப் போவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். மழை பெய்வது முகட்டில், நீங்கள் குளிப்பது அடிவாரத்தில். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவனைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வரத் தொடங்கினால் துண்டை எடுக்கக்கூட நிற்காமல் கரையேற வேண்டும்.

வறண்ட மாதங்களில் இதே சரிவுக் காற்று வேறு விதத்தில் கொல்லும். நீராவி இல்லாததால் மேகம் கட்டாது, மழையும் வராது, காற்று மட்டும் பகலெல்லாம் மேலேறும். அப்போது கீழே தீப்பிடித்தால், தீயை முகட்டை நோக்கி அந்தக் காற்று தள்ளிக்கொண்டு போகும். சுவாலையின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்னதாகவே உலர்த்தி வைத்துவிடும். மேல்நோக்கி ஓடும் மனிதனைவிடத் தீ வேகமாக ஓடும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' நடைகளை 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை நிறுத்தி வைத்ததற்குத் தீப் பருவம்தான் காரணம். அனுமதி கிடைக்காத பருவத்தில் குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் அவரோடு போகாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் மேலே சொன்ன நேர ஒழுங்கு செல்லாது. நள்ளிரவிலும் கொட்டும், விடியற்காலையிலும் கொட்டும். கிளம்புவதற்கு முதல்நாள் இரவு வானிலை மையத்தின் அறிக்கையில் தாழ்வுப் பகுதி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மலையேற்றத்தை மட்டும் அந்த ஓரிரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

ஊர் திரும்பும் நாளைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்து, சாப்பிட்டுவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு மலைச்சாலையில் இறங்குவது வழக்கம். மேகம் மேலேறி வரும் நேரமும் அதுதான், ஏறும் வழியும் அந்தச் சரிவுதான். சாக்லேட்டை முதல்நாள் மாலையே வாங்கி வைத்துக்கொண்டு, காலைச் சிற்றுண்டி முடித்த கையோடு வண்டியை எடுத்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வருவது தெளிவாகத் தெரியும்.