எடை குறைய ஆபரேஷன்: 'எப்போதாவது' என்ற பதில் போதாது

உடல் பருமனைக் குறைக்க ஆபரேஷன் என்று முடிவானதும் டாக்டர் கேட்பார்: "குடிக்கிற பழக்கம் உண்டா?" பக்கத்தில் மனைவி, ஊரிலிருந்து வந்த மாமனார் வேறு. "எப்போதாவது" என்று நம்மவர் நழுவிவிடுவார். நழுவக் கூடாத இடம் அது.

'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். அதன்பின் மது வயிற்றில் தங்காது. சில நிமிடங்களில் ரத்தத்தில் ஏறிவிடும். முன்பு இரண்டு பெக்கில் வராத போதை ஒன்றிலேயே வரும். வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க!

60 மில்லி விஸ்கியில் சுமார் 140 கலோரி. சத்து எதுவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் குறையக்கூடிய பி1 வைட்டமினை மது மேலும் குறைக்கும்.

2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், குடியால் சிக்கலுக்கு உள்ளானோர் ஆபரேஷனுக்கு முந்திய ஆண்டில் 7.6 சதவீதம். முதலாண்டில் அது கூடவில்லை, இரண்டாமாண்டில் 9.6 ஆனது.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். ஆகவே டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, ஆபரேஷனுக்கு முன்பே அவர் மேற்பார்வையில் குறைப்பதே நல்லது.

ஆபரேஷன் அன்று உடன் வரும் வீட்டார், இரண்டாமாண்டிலும் உடனிருக்க வேண்டும்.